பந்தய டயர் நமக்கு எதற்கு?



இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. பந்தயம் இல்லாத சில நாட்களில் பணம் கட்டினால் நம்மைப் போன்றவர்களும் அங்கே ஓட்டலாம். 'டிராக் டே' என்கிறார்கள். பைக்கோடு கிளம்பும் நம்ம பசங்க முதலில் தேடுவது செகண்ட் ஹேண்ட் பந்தய டயர். அது வேண்டாம் என்பதே என் கருத்து.

பந்தய டயர் நன்றாகச் சூடேறினால்தான் தரையைப் பிடிக்கும். புதிதாக ஓட்டுகிற நமக்கு அந்த வேகமும் வராது, சூடும் வராது. பழைய ரப்பரோ நாளாக ஆக இறுகிவிடும். பட்டன் தேயாமல் இருந்தாலும் பிடிப்பு போயிருக்கும்.

என் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தே, "இது செத்த டயருடா" என்பார். ஒருநாள் அப்படி ஒரு டயரின் பக்கவாட்டில் 2314 என்ற எண்ணைப் பார்த்தேன். 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது என்று படித்துச் சொன்னேன். "நான் சொன்னப்ப நம்பினியா?" என்று சிரித்தார்.

ஆகவே தோழர்களே, சமீபத்தில் தயாரான நல்ல ரோடு டயரே போதும். காற்றையும் கவனியுங்கள். 30 டிகிரியில் 30 பவுண்டு அடித்த டயர், 60 டிகிரி சூடானால் 34 பவுண்டைத் தாண்டும். வகுப்பில் படித்த வாயு விதிதான்! சில சுற்று ஓட்டியதும் அளந்து பாருங்கள்.

மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் வாங்குங்கள். டயர் போனால் அப்பா மாற்றித் தருவார். ஆள் போனால்?