பதினோராவது ஆளின் பாடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எண்ணியே பழகிய ஆள். அதனாலோ என்னவோ, 2024 நவம்பரில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோது எனக்குக் கைகொடுத்ததும் எண்ணிக்கைதான்.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுத்த மலையாளிப் பெண், ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தைக் கையில் வைத்து நாளுக்கு நூற்றிருபது முறை அமுக்கச் சொன்னார். முதல் நாள் ஒன்பதாவது முறையிலேயே பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நூற்றிருபது என்ற எண்ணைக் கேட்டாலே மலைப்பாக இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது: நூற்றிருபது என்றால் இருபது ஓவர். ஓர் ஓவருக்கு ஆறு பந்து. ஓர் ஓவர் நின்று ஆட யாரால்தான் முடியாது?

மறுநாளிலிருந்து ஓவர் கணக்கு. பந்து கீழே விழாமல் ஆறு முறை அமுக்கினால் அது மெய்டன். விழுந்தால் ஒரு விக்கெட். அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட் தெரியாது. "ஒந்நு கூடி, அங்கிளே" என்பதோடு சரி. இன்னும் ஒன்று. யோசித்துப் பார்த்தால் கிரிக்கெட்டே அவ்வளவுதான்.

இந்தப் புத்தி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. நாகர்கோவிலில் டென்னிஸ் பந்தில் ஆடிய காலத்தில் நான் எப்போதும் பதினோராவது ஆள். மறுமுனையில் அடிக்கத் தெரிந்தவன் ஒருவன் நிற்பான். கேப்டன் அண்ணன் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்று: "லேய் மக்கா, நீ அடிக்க வேண்டாம், நின்னா போதும்." அன்றைக்கு அது அவமானமாக இருந்தது. அதன் அருமை ஐம்பத்து நான்கு வயதில் கட்டிலில் கிடந்தபோதுதான் தெரிந்தது.

பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. 2025 பிப்ரவரியில் ரஞ்சிக் கோப்பை காலிறுதி. புனேயில் கேரளமும் ஜம்மு காஷ்மீரும் மோதின. வலது கையில் போன், இடது கையில் பஞ்சுப் பந்து. காஷ்மீர் முதல் இன்னிங்ஸில் 280. கேரளம் 9 விக்கெட்டுக்கு 200. ஆட்டம் டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கே வெற்றி. இன்னும் 81 ரன் வேண்டும். கையில் இருப்பது ஒரே விக்கெட். சல்மான் நிசாரோடு சேர நடந்து வந்தவர் பேசில் தம்பி, வேகப்பந்து வீச்சாளர். சல்மான் ஆட்டமிழக்காமல் 112 எடுத்தார். தம்பி எடுத்தது 15 ரன், அதற்கு 35 பந்து. கேரளம் 281. ஒரே ஒரு ரன் முன்னிலை.

எல்லோரும் சதத்தைப் பற்றிப் பேசினார்கள். என் கண் அந்த 35 பந்திலேயே இருந்தது. 81 ரன்னை நினைத்திருந்தால் ஐந்தாவது பந்திலேயே மட்டையைச் சுழற்றியிருப்பார். இரண்டாவது இன்னிங்ஸில் இலக்கு 399. கேரளம் அதைத் துரத்தவில்லை; நின்றது. சல்மான் 162 பந்தில் 44 ரன். 6 விக்கெட்டுக்கு 295, ஆட்டம் டிரா, கேரளம் அரையிறுதியில். அதே சுற்றில் தமிழ்நாடு விதர்பாவிடம் தோற்று வெளியேறியது. அதன் பிறகு யாருக்குக் கைதட்டுவது என்ற குழப்பமும் எனக்கு இல்லை.

அகமதாபாத் அரையிறுதியில் கேரளம் 457. குஜராத் 455 எட்டியபோது, கடைசி விக்கெட்டுக்கு ஆடிய நாக்வஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, ஷார்ட் லெக்கில் நின்ற அதே சல்மானின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, ஸ்லிப்பில் சச்சின் பேபி கைக்குப் போனது. இரண்டு ரன் முன்னிலை, கேரளத்துக்கு முதல் ரஞ்சி இறுதி ஆட்டம். அதிர்ஷ்டம் என்பார்கள், சரிதான். பழைய விதிப்படி ஹெல்மெட்டில் பட்டு வந்த கேட்ச் அவுட்டே கிடையாது, 2017இல்தான் மாற்றினார்கள். ஆனால் மட்டையாளருக்குச் சில அடி தூரத்தில், அடி விழும் என்று தெரிந்தே ஒருவர் குனிந்து நின்றிருக்காவிட்டால் அந்த அதிர்ஷ்டம் எதில் பட்டிருக்கும்?

இந்தக் கதைக்கு வெற்றி முடிவு கிடையாது. நாக்பூர் இறுதியில் கேப்டன் சச்சின் பேபி 98இல் ஒரு பெரிய அடிக்கு ஆசைப்பட்டு ஆட்டமிழந்தார். முதல் இன்னிங்ஸில் 37 ரன் பின்தங்கியதால் கோப்பை விதர்பாவுக்குப் போனது. அத்தனை நேரம் பொறுத்தவருக்கே ஒரு நொடி தவறுகிறது. எனக்கும் தவறியிருக்கிறது. ஒரு மத்தியானம் அந்த மஞ்சள் பந்தைச் சுவரில் விட்டெறிந்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைய கணக்கில் பதினோரு ஓவர்தான். மறுநாள் மறுபடி முதல் ஓவரிலிருந்து.

விளையாடினால் மன உறுதி வரும் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். மன உறுதி என்று ஒரு பெரிய பொருள் எங்கும் தனியாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போன பந்தை மறப்பது, வரும் பந்தைப் பார்ப்பது, நமக்கு வேண்டாத பந்தைத் தொடாமல் விடுவது என்று சில சின்னப் பழக்கங்கள்தான் உண்டு. பிள்ளை போகாத வழிக்கு வருந்துவது, பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய மாடியைப் பார்த்து ஏங்குவது எல்லாம் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகள். மட்டையை நீட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்தப் பழக்கம் துன்பம் வந்த பிறகு அவசரமாகக் கற்க முடியாதது. சின்ன வயதிலேயே, தோற்றாலும் ஒன்றும் குடிமுழுகாத ஓர் இடத்தில் கற்க வேண்டும். மைதானம் அதற்குத்தான். நாம் என்ன செய்கிறோம்? பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் நேரமும் பதக்கம் வாங்கக்கூடிய நான்கு பேருக்கு. சுமாராக ஆடும் பிள்ளை எல்லைக்கோட்டுக்கு வெளியே பை காக்கிறது. பதக்கம் வாங்குகிறவனுக்கு வாழ்க்கையில் உதவ ஆயிரம் பேர் வருவார்கள். நின்று ஆடும் பழக்கம் அந்தச் சுமார் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்தக் கணக்குப்பிள்ளையின் வேண்டுகோள் ஒன்றுதான்: உங்கள் பதினோராவது பிள்ளைக்கும் மட்டையைக் கொடுங்கள். அடிக்காவிட்டால் பரவாயில்லை, நிற்கட்டும்.

இன்று காலை சட்டையின் ஐந்து பொத்தானையும் இடது கையாலேயே போட்டேன். நான்கு நிமிடம் ஆனது.