முள்முடி சூடிய அரசர்

விம்கோ நகர் என்னும் பெயரே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை வழங்கியது. கூலிக்கு உழைப்போர் நிறைந்த இப்பகுதியில், கிறிஸ்துவை அரசர் என்று நாம் போற்றுவதன் பொருள் யாது?

முதல் உலகப் போரின் முடிவில் பேரரசுகள் பல சரிந்தன. அதன்பின், 1925-ஆம் ஆண்டில், பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தினார். அவர் சுட்டிக்காட்டிய அரசரோ சீடரின் பாதங்களைக் கழுவியவர், பிலாத்துவின் முன் கட்டுண்டு நின்றபோதும் தம் அரசுரிமையை மறுக்காதவர், ஆயினும் படை திரட்டாதவர், முள்முடி சூடியவர்.

அன்பர்களே, பவனியில் அவரை அரசர் என்று வாழ்த்திவிட்டு, நம் இல்லத்தில் பணிபுரியும் சகோதரியின் கூலியை நாளைக்கென்று தள்ளிவைப்போமானால், நாம் எந்த அரசரின் குடிகள்? உழைத்தவர்க்கு உரியதை உரிய நாளில் கொடுப்போம். அதுவே நம் அரசர் விரும்பும் திறை.