கல்லை விசாரித்த ராஜா



மேலேயிருந்து ஒரு கல் விழுந்து ஆள் செத்துப்போனால் அந்தக் கல்லின் மீது வழக்கு நடக்கும். குற்றம் உறுதியானால் கல்லை நாட்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோய் எறிந்துவிடுவார்கள். மரக்கட்டை, இரும்புத்துண்டு, முட்டிய மாடு எதுவானாலும் இதே விசாரணைதான். பழைய ஏதென்ஸில் இந்த வழக்குகளைக் கேட்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது தெரியுமா? ராஜாவுக்கு.

மக்களாட்சி பிறந்த ஊரில் ராஜா எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்வி எழுந்தது. இந்த இதழில் தொடங்கும் கிரேக்க வரலாற்றுத் தொடரின் கையெழுத்துப் பிரதியைப் படித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் பதவிப் பெயர்கள் குறுக்கிட்டன. பசிலியஸ், ஆர்க்கோன், ஸ்டிராட்டிகோஸ், பொலிமார்க், எஃபோர். எல்லாவற்றையும் ‘ராஜா, மந்திரி, தளபதி’ என்று மாற்றிவிடலாமே என்று அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. படிக்கச் சுலபமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பெயர்களுக்குள்தான் பாதிக் கதையே இருக்கிறது. அதனால் அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தொடருக்குள் போகும் முன் அந்தப் பெயர்களோடு உங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம் செய்துவைக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

ராஜாவிலிருந்தே ஆரம்பிப்போம். கிரேக்க மண்ணில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அரசனின் பட்டம் ‘வனாக்ஸ்’. தெற்கே பைலோஸ் என்ற ஊரில் ஓர் அரண்மனை இருந்தது. கி.மு. 1200ஐ ஒட்டி அது தீக்கிரையானது. கணக்கர்கள் ஈரக்களிமண்ணில் கீறி வைத்திருந்த ஏடுகளை அந்தத் தீ செங்கல்போலச் சுட்டு வைத்துவிட்டது. அரண்மனையை அழித்த நெருப்புதான் அதன் கணக்குப் புத்தகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த எழுத்தின் புதிரை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக்கலைஞர் விடுவித்தார். வனாக்ஸின் நிலத்துக்கு 30 பங்கு, அவருக்கு அடுத்த தலைவரின் நிலத்துக்கு 10 பங்கு என்று ஓர் ஏடு கணக்குச் சொல்கிறது. பிற்காலத்தில் ராஜா என்று பொருள்பட்ட பசிலியஸும் அந்த ஏடுகளில் வருகிறார். ஆனால் எங்கே? கொல்லர்களுக்கு வெண்கலம் பங்கிட்டுக் கொடுத்த கணக்கில். கம்மியர் கூட்டத்துக்கோ ஓர் ஊருக்கோ பொறுப்பாளர், அவ்வளவுதான் அவருடைய அந்தஸ்து.

அரண்மனைகள் விழுந்தன. வனாக்ஸ்கள் போனார்கள், கணக்கர்கள் போனார்கள், எழுத்தே போய்விட்டது. ஊர்கள் மட்டும் மிஞ்சின. ஊர் இருந்தால் ஊர்ப்பெரியவரும் இருப்பார் அல்லவா? அப்படி மிஞ்சிய பசிலியஸ், போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் மெல்ல ராஜாவாகிவிட்டார். ஹோமரின் காவியங்களில் இந்தப் பாதிவழி நிலையைப் பார்க்கலாம். ஒடிசியுஸுக்கு விருந்தளிக்கும் அல்கினூஸ், இந்த நாட்டில் 12 பசிலியஸ்கள் இருக்கிறார்கள், நான் 13ஆவது ஆள் என்கிறான். இவனைவிட அவன் கூடுதல் பசிலியஸ் என்று ஒப்பிட்டுப் பேசவும் ஹோமர் தயங்குவதில்லை. முழு ராஜாவை அப்படி அளக்க முடியாது. ஊர்ப்பெரியவர்களை அளக்கலாம்.

ஏதென்ஸுக்கு வருவோம். அங்கே ராஜாவை யாரும் கொல்லவில்லை, துரத்தவுமில்லை. அவர் கையிலிருந்த அதிகாரத்தைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். படை நடத்துவதற்குப் பொலிமார்க் என்று ஒருவர். நகர நிர்வாகத்துக்கு ஆர்க்கோன் என்று இன்னொருவர். அந்த வருஷத்துக்கே அவர் பெயர்தான். இன்னார் ஆர்க்கோனாக இருந்த ஆண்டு என்றுதான் தேதி போடுவார்கள். சட்டப் பணிக்குப் பிற்பாடு ஆறு பேரைச் சேர்த்தார்கள். பசிலியஸ் என்ற பெயரை மட்டும் விடவில்லை. தெய்வங்களுக்குப் பரம்பரையாகச் செய்யவேண்டிய சடங்குகளை ராஜா செய்தால்தானே முறை? எனவே வருஷத்துக்கு ஒரு ராஜா. கி.மு. 487இலிருந்து இந்தப் பதவிகளையெல்லாம் குலுக்கல் முறையில் நிரப்பினார்கள்.

குலுக்கலில் வந்த ராஜா என்றால் ஏளனமாகத் தோன்றும். அவர் வேலைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. எலூசிஸ் மறைச்சடங்குகளைக் கவனிப்பது அவர். கொலை வழக்குகளை விசாரணைக்குக் கொண்டுபோவது அவர். வழக்கு நடக்கும்போது தலையில் சூடிய முடியைக் கழற்றி வைத்துவிடுவார். அவருடைய மனைவிக்கு ராணி என்றே பட்டம்; ஆண்டுக்கு ஒருமுறை வசந்த விழாவில் அந்த அம்மாளுக்கும் டயோனிசஸ் தெய்வத்துக்கும் திருமணம் நடக்கும். கணவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்து சில மாதங்களுக்கு முன்புதான் குலுக்கலில் ராஜாவானவர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரியவந்த விதமும் சுவையானது. ஏதென்ஸின் ஆட்சிமுறை பற்றி அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்ட நூல் பல நூற்றாண்டுகளாகத் தொலைந்து கிடந்தது. எகிப்தில் ஒரு பண்ணையின் வரவுசெலவு எழுதிய பப்பைரஸ் சுருள்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. பின்பக்கத்தைப் பார்த்தால் அந்த நூல். 1891இல் அச்சில் வந்தது. கல்லின் மீதான வழக்கை ராஜா விசாரித்தார் என்று இன்று நான் எழுத முடிகிறது என்றால், காகிதத்தை வீணாக்க மனம் வராத யாரோ ஒருவரின் சிக்கனம்தான் காரணம்.

ராஜாவின் அலுவலகமும் கிடைத்துவிட்டது. 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில், பிரேயுஸ் துறைமுகத்துக்குப் போகும் ரயில் தண்டவாளத்தை ஒட்டி அமெரிக்கத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். முன்புறம் தூண்கள் வைத்த தாழ்வாரம், நீளம் சுமார் 18 மீட்டர். ராஜமண்டபம் என்று பெயர் கேட்டுப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வாசலில் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. பதவியேற்பவர்கள் அதன் மேல் ஏறி நின்று, சட்டப்படி நடப்பேன், கையூட்டு வாங்கமாட்டேன், வாங்கினால் தங்கத்தில் ஒரு சிலை செய்து வைப்பேன் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்துக்கு முன்னால் ஒரு விசாரணையும் உண்டு. அப்பா யார், அம்மா யார், பெற்றவர்களை ஒழுங்காகக் கவனிக்கிறாயா, குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா என்றெல்லாம் கேட்பார்கள். நிர்வாகத் திறமை பற்றி ஒரு கேள்வி கிடையாது! கி.மு. 399இல் சாக்ரடீஸ், தன் மேல் சுமத்தப்பட்ட தெய்வ நிந்தனைக் குற்றத்துக்குப் பதில் சொல்ல வந்து நின்றதும் இதே தாழ்வாரத்தில், அந்த ஆண்டின் ராஜா முன்னால்தான்.

அப்படியானால் நிஜ அதிகாரம் யாரிடம் இருந்தது? ஸ்டிராட்டிகோஸ்களிடம். படையை நடத்துபவர் என்பது பெயரின் பொருள். வருஷத்துக்குப் பத்துப் பேர். இவர்களை மட்டும் குலுக்கலில் எடுக்கவில்லை. கூட்டத்தில் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பூசைக்கும் நிர்வாகத்துக்கும் எவர் வந்தாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும், போருக்கு மட்டும் விவரம் தெரிந்தவன் வேண்டும் என்ற கணக்கு. ஆர்க்கோன் பதவி ஆயுளில் ஒருமுறைதான். ஸ்டிராட்டிகோஸாக எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பெரிக்ளிஸ் 15 ஆண்டுகள் தொடர்ந்து ஜெயித்தார். போசியன் என்பவர் 45 முறை வந்தார் என்கிறார் வரலாறு எழுதிய புளூட்டார்க்.

ஒருவர் போதாதா, எதற்குப் பத்து என்று தோன்றும். கி.மு. 490இல் மாரத்தான் வெளியில் பாரசீகப் படை எதிரே நிற்கிறது. போரிடலாம் என்று ஐந்து பேர், வேண்டாம் என்று ஐந்து பேர். ஓட்டு சமம். அன்றைய பொலிமார்க் காலிமக்கஸுக்கு 11ஆவது ஓட்டு இருந்தது. பத்துப் பேரில் ஒருவரான மில்டியாடீஸ் அவரைத் தனியே பிடித்துப் பேசி மனத்தை மாற்றினார். ஏதென்ஸ் ஜெயித்தது, காலிமக்கஸ் களத்திலேயே விழுந்தார். பொலிமார்க் பதவிக்குப் போரோடு இருந்த கடைசிப் பெரிய தொடர்பு அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு வந்த பொலிமார்க்குகள் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழக்குகளைப் பார்த்தபடி காலம் கழித்தார்கள். பெயரில் மட்டும் போர்.

தேர்ந்தெடுத்த கையே இறக்கவும் செய்யும். ஸ்டிராட்டிகோஸ்கள் சரியாக வேலை பார்க்கிறார்களா என்று ஆண்டுக்குப் பத்து முறை ஓட்டு எடுப்பார்கள். பெரிக்ளிஸையே கி.மு. 430இல் பதவியிறக்கி அபராதம் போட்டார்கள். கொஞ்ச நாளில் திரும்பக் கூப்பிட்டும் கொண்டார்கள். இதில் மறக்க முடியாதது ஆர்கினூசைத் தீவுகளின் கதை. கி.மு. 406இல் அங்கே ஸ்பார்ட்டாவின் கப்பற்படையை ஏதென்ஸ் தோற்கடித்தது. ஆனால் உடைந்த தங்கள் கப்பல்களில் தத்தளித்த ஆட்களைப் புயல் காரணமாக மீட்க முடியவில்லை. வெற்றியோடு திரும்பியவர்களை ஊர் மாலையோடு வரவேற்கவில்லை. எட்டு ஸ்டிராட்டிகோஸ்கள் மீது சேர்த்து ஒரே ஓட்டில் மரண தண்டனை. இரண்டு பேர் ஊர் திரும்பாமல் தப்பினார்கள். கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர் பெரிக்ளிஸின் மகன். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்காமல் ஓட்டெடுப்பது சட்டமல்ல என்று மறுத்தவர், அன்று குலுக்கல் முறையில் சபைப் பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ். யாரும் கேட்கவில்லை. பின்னால் ஊர் வருந்தியது. தொடரில் இந்த அத்தியாயத்தை நான் இரண்டாம் முறையும் படித்தேன். கணக்குக் கேட்கும் மக்கள் என்று அதுவரை அவர்களை மெச்சிக்கொண்டிருந்த எனக்கு, கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஸ்பார்ட்டாவில் கதை தலைகீழ். அங்கே நிஜமான பரம்பரை ராஜாக்கள், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேர், இரண்டு வம்சம். அவர்களைக் கண்காணிக்க ஆண்டுதோறும் ஐந்து எஃபோர்கள். ராஜா வந்தாலும் எஃபோர் இருக்கையைவிட்டு எழுந்திருக்கமாட்டார். சட்டப்படி ஆள்வேன் என்று ராஜாவும், அப்படி ஆளும்வரை உன் அரசைக் காப்போம் என்று எஃபோர்களும் மாதாமாதம் சத்தியம் செய்துகொள்வார்கள். ஆர்க்கிடமஸ் என்ற ராஜா குள்ளமான பெண்ணை மணந்ததற்காக, இவள் நமக்கு ராஜாவைப் பெறமாட்டாள், ராஜாக்குட்டியைத்தான் பெறுவாள் என்று சொல்லி எஃபோர்கள் அபராதம் விதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார்.

சட்டத்தை வளைக்கவும் ஸ்பார்ட்டாவுக்குத் தெரியும். நவார்க் என்ற கப்பற்படைத் தலைவர் பதவியை ஒருவர் இரண்டு முறை வகிக்கக்கூடாது. லைசாண்டர் என்பவர் ஒருமுறை வகித்து முடித்துவிட்டார். கூட்டாளிகளோ அவரே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். என்ன செய்வது? அரக்கஸ் என்பவரை நவார்க் ஆக்கி, லைசாண்டரை அவருக்கு அடுத்த இடத்தில் அனுப்பினார்கள். கப்பல்கள் யார் பேச்சைக் கேட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கி.மு. 405இல் ஏதென்ஸின் கப்பற்படையை ஒரே நாளில் முடித்துவைத்தவர் அந்த ‘இரண்டாமவர்’தான். அரக்கஸை இன்று யாருக்குத் தெரியும்?

அலெக்சாண்டருக்குப் பிறகு பசிலியஸ் பட்டத்துக்கு மறுபடி யோகம் அடித்தது. அவருடைய வாரிசுகள் கொல்லப்பட்டபின், நாட்டைப் பங்குபோட்ட தளபதிகள் கொஞ்ச காலம் ராஜா என்று சொல்லிக்கொள்ளக் கூசினார்கள். கி.மு. 306இல் சைப்ரஸ் கடற்போரில், அவர்களில் ஒருவரான ஆன்டிகோனஸின் மகன் ஜெயித்தான். சேதி கொண்டுவந்தவர் கரையிலிருந்து வாய் திறக்காமல் மெதுவாக நடந்துவந்து, கிழவரைப் பதைக்கவிட்டு, கடைசியில் ‘ராஜா ஆன்டிகோனஸ் வாழ்க’ என்று கத்தினாராம். எங்களை இப்படித் தவிக்கவிட்டதற்காக உன் வெகுமதியும் தாமதமாகத்தான் வரும் என்றாராம் புது ராஜா. அவர் முடி சூடியதும் எகிப்தில் டாலமி, பாபிலோனில் செலூக்கஸ் என்று வரிசையாக எல்லாரும் பசிலியஸ் ஆனார்கள்.

அங்கிருந்து அந்தச் சொல் கிழக்கே நடந்து வந்துவிட்டது. அங்கே ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர் என்ற மிலிந்தனின் நாணயத்தில் ஒருபக்கம் கிரேக்கத்தில் பசிலியஸ், மறுபக்கம் பிராகிருதத்தில் மகாராஜா. இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில், தியோடோரஸ் என்ற கிரேக்கப் பெயர்கொண்ட ஒரு வட்டார அதிகாரி புத்தரின் திருவெச்சங்களை வைத்து நிறுவிய கலசம் கிடைத்தது. எழுத்து கரோஷ்டி, பதவிப்பெயரோ ‘மெரிதார்க்’ என்று அச்சுக் குலையாத கிரேக்கம்.

நம் பக்கமும் வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்தின் டாலமி அரசு, செங்கடலுக்கும் இந்தியக் கடலுக்கும் என்றே ஒரு ஸ்டிராட்டிகோஸை வைத்திருந்தது. நைல் நதியின் ஃபிலே தீவுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. மிளகுக் கப்பல்கள் போய் வந்த வழி. சுமார் கி.பி. 150இல் அலெக்சாண்டிரியாவில் இருந்துகொண்டு உலகத்து ஊர்களுக்கெல்லாம் பட்டியல் போட்ட அறிஞர் டாலமி (இவருக்கும் அந்த ராஜ வம்சத்துக்கும் சம்பந்தமில்லை), மதுரையை ‘மொதூரா’ என்று எழுதிப் பக்கத்தில் ‘பாண்டியனின் பசிலியோன்’ என்று குறித்திருக்கிறார். பசிலியஸ் வாழும் இடம், கோநகர். சேரனின் கரூருக்கும் அதே அடைமொழி. பைலோஸில் வெண்கலக் கணக்கில் ஓரமாக நின்ற அந்த மனிதரின் பட்டம், 13 நூற்றாண்டுகள் கழித்து வைகைக்கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

தொடரின் முதல் பகுதி இந்த இதழின் நடுப்பக்கங்களில் இருக்கிறது. பைலோஸ் ஏடுகளின் படங்களையும் சேர்த்திருக்கிறோம். பெயர்கள் நாக்கில் சிக்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டாவது பகுதிக்குள் பழகிவிடும். சந்தேகம் எதுவானாலும் எழுதுங்கள். வரும் கடிதங்களுக்குத் தொடரை எழுதுபவரே பதில் எழுதுவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்