மீரியபெத்தவிலிருந்து பசறை வீதி வரை

ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. பதுளையிலிருந்து பசறைக்குப் பேருந்தில் செல்வோர் அதன் கட்டடங்களை யன்னல் வழியே பார்த்திருப்பர். 2005 ஜூன் 1 ஆம் திகதி நாட்டின் 14 ஆவது தேசியப் பல்கலைக்கழகமாக அது நிறுவப்பட்டபோது, இது எத்தனை காலம் தாக்குப்பிடிக்குமோ என்று ஐயுற்றவர்களில் நானும் ஒருவன். என் ஐயம் பிழைத்துப் போயிற்று என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. விலங்கு விஞ்ஞானமும் ஏற்றுமதி விவசாயமும், விஞ்ஞானமும் தொழில்நுட்பமும், முகாமைத்துவம் என்று வளர்ந்த பீடங்களோடு பின்னர் தொழில்நுட்பக் கற்கைகளும், அண்மைய ஆண்டுகளில் மருத்துவ பீடமும் சேர்ந்திருக்கின்றன.

அப்பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கருத்து 'பெறுமதி சேர்த்தல்' என்பதாகும். மூலப்பொருளை அப்படியே கப்பலேற்றி அனுப்பாமல், அறிவையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் பன்மடங்கு விலைக்கு விற்க வேண்டும் என்பதே அதன் பொருள். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்று அங்கு தனிப் பட்டப்படிப்பே உண்டு. கொழுந்து வாடுவது, உருட்டுவது, நொதிப்பது, உலர்வது யாவும் அங்கே விரிவுரைகள். மலைக்கு மலை தேயிலை; நடுவே தேயிலையைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம். இதைவிடப் பொருத்தமான இடம் வேறெது?

வளாக வாழ்வும் கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, குருநாகல் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் வருகின்றனர். படிப்பு ஆங்கிலத்தில். பதுளையின் மார்கழிக் குளிரை முதன்முறை காணும் வடக்குப் பிள்ளையும், தமிழே கேட்டறியாத தென்பகுதிப் பிள்ளையும் ஒரே ஆய்வுகூட மேசையில் நிற்கின்றனர். மேடைப் பேச்சுகளால் ஆகாத சில காரியங்கள் அந்த மேசையில் நடந்துவிடும்.

ஆனால், சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர்?

இக்கேள்வியை நான் மீரியபெத்தவை நினைத்தே கேட்கிறேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. பலரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. 2016 இல் மக்கல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டதோடு செய்தியாளர்களாகிய எமது பணியும் முடிந்ததென்று எண்ணிவிட்டோம். அன்று முதலாம், இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் இன்று பல்கலைக்கழக வாசலை எட்டும் வயதினர். அவர்கள் என்ன படித்தார்கள் என்று நாம் யாரும் போய்க் கேட்கவில்லை.

தேயிலைத் தொழில்நுட்பம் பயில உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். தமிழ்மொழியில் அவற்றைக் கற்பிக்கும் தோட்டப்புறப் பாடசாலைகளோ மிகச் சில. ஆசிரியர் பற்றாக்குறைக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை அழைக்கலாம் என்ற யோசனை எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்தவர்கள் தம் பங்குக்கு ஓர் இரசாயனவியல் ஆசிரியரையாவது பூனாகலைப் பக்கம் அனுப்பி வைத்தார்களா என்பது வேறு கதை. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளையும் கலைப்பிரிவுக்கே போகிறது. பெரட்டுக்குப் போகும் தாயின் கொழுந்து தொழில்நுட்பக் கல்வியாகிறது. அவள் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடமில்லை.

பதுளை பின்தங்கிய மாவட்டம் என்பதால் ஒதுக்கீடு இருக்கிறதே என்பர். உண்மைதான். மாவட்ட ஒதுக்கீட்டுக்கு அப்பால், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 சதவீத இடங்கள் உண்டு. பதுளையும் அதில் அடங்கும். ஆனால் அந்தக் கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. பதுளை நகரின் பெரிய கல்லூரியில் படித்தவரும் கொஸ்லாந்தைத் தோட்டத்தில் படித்தவரும் அதற்கு ஒன்றே. யாருக்குப் பின்தங்கிய நிலை என்று சொல்லி இடம் பெறப்பட்டதோ, அவரை அது எட்டியதா என்று பார்ப்பார் இல்லை.

மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது பழைய கோரிக்கை. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கண்ணெதிரே எழுந்து நிற்கும் பல்கலைக்கழகத்திடம் எதையும் கேட்காமல், இன்னும் கட்டப்படாத ஒன்றுக்காக மேடை போடுவது நம் தலைவர்களுக்கு வசதியாக இருக்கிறது. அங்கு பயிலும் தமிழ் மாணவர்களைக் கொண்டு வார இறுதிகளில் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்பு நடத்தப் பல்கலைக்கழகத்தால் இயலும். பெரிய செலவும் இல்லை. அதற்கு முன்னர் எண்ணிக்கை வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தோட்டப்புறப் பாடசாலைகளிலிருந்து பசறை வீதி வளாகத்துக்குள் நுழைவோர் எத்தனை பேர், அதிலும் தேயிலைப் படிப்புக்கு எத்தனை பேர் என்று வெளியிட வேண்டும். பாராளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான வினா ஒன்றை எழுதிக் கொடுக்க அரைப்பக்கத் தாள் போதும். பதுளை மாவட்டத்தில் நம் வாக்குகளைப் பெற்றுச் சென்றவர்களில் எவரேனும் அதை எழுதிக் கொடுப்பாரானால், கிடைக்கும் விடையை இங்கே அப்படியே வெளியிடுகிறேன்.