எட்ட நிற்க எட்டு மடங்கு போதும்

இருகண்நோக்கி வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதைத்தான். பத்து என்றால் முகம் சற்றுச் சுருங்குகிறது. இருபது என்றால் மலர்கிறது. முப்பது, ஐம்பது என்றெல்லாம் பொறித்த மலிவுக் கருவிகளும் சந்தையில் உண்டு. மேலே பொறித்த எண்ணுக்கும் உள்ளே இருக்கும் ஆடிக்கும் பல சமயம் தொடர்பே இராது. ஆற்றல் மிகுந்ததே நல்ல கருவி என்னும் எண்ணம் எங்குமே தவறுதான். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அது ஆபத்தும்கூட என்பது நம் கருத்து.

கர்நாடக எல்லையை ஒட்டிய இந்நிலத்தில் தொழிற்சாலையும் காடும் அண்டை வீடுகளைப் போல வாழ்கின்றன. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரியும் இரு சக்கர வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராக ஓசூர் வளர்ந்தது. அதற்கு வெகு முன்பிருந்தே பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கும் காவிரிக் கரைக்கும் யானைகள் போய்வந்துகொண்டிருந்தன. இன்றும் போய்வருகின்றன. ராகிக் கதிர் முற்றும் மாதங்களில் ராயக்கோட்டைச் சாலையோரத்துச் சானமாவு காட்டில் கூட்டமாகத் தங்கி, இருட்டியதும் வயலில் இறங்குகின்றன. 2014 இல் சுமார் 504 சதுர கிலோமீட்டர் பரப்பு காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சரணாலயத்தின் எல்லைக்கோடு யானைக்குத் தெரியாது.

யானை வந்த செய்தி பரவியதும் மனிதர் கூட்டமும் வருகிறது. கையில் கைப்பேசி. அதில் யானை சிறு கரும்புள்ளியாகத் தெரிவதால் பத்தடி முன்னே போகிறார்கள், பின்னும் பத்தடி. யானை திரும்பினால் ஓட வழி இல்லை. விரட்டுகிற வனக்காவலருக்கும் வயலைக் காக்கும் விவசாயிக்கும் இந்தக் கூட்டம் இரட்டைத் தொல்லை. நல்ல இருகண்நோக்கி இங்கே பொழுதுபோக்குப் பொருளன்று. நெருங்க வேண்டும் என்னும் ஆசையை நின்ற இடத்திலேயே தீர்த்துவைக்கும் கருவி அது. அதை அப்படித் தீர்க்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கருவியின் மேல் 8×42, 10×50, 20×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்புற லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42 இல் அது ஐந்தேகால் மில்லிமீட்டர். 20×50 இல் இரண்டரை. நண்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருப்பதால் கடை வாசலில் வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. அந்தியில் கண்மணி ஐந்து, ஆறு என விரிகிறது. அப்போது 20×50 தரும் காட்சியின் ஒளி மற்றதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. யானை காட்டு விளிம்புக்கு வருவதும் அந்தியில்தான். அதாவது, தேவைப்படும் நேரத்தில் அந்தப் பெரிய எண் குருடாகிவிடுகிறது.

அடுத்தது நடுக்கம். கருவி காட்சியைப் பெரிதாக்கும்போது கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்குகிறது. எட்டு மடங்கைப் பெரும்பாலோர் அசையாமல் பிடிக்கலாம். பத்து, பழகிய கைகளுக்கு. அதற்கு மேல் முக்காலி வேண்டும். பார்வைப் புலமும் குறைகிறது. ஆயிரம் மீட்டர் தொலைவில் எட்டு மடங்குக் கருவி சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால், இருபது மடங்கு அதில் பாதியைக்கூடக் காட்டுவதில்லை. ஒரு யானையின் காது தெரியும்; பக்கத்தில் நிற்கும் குட்டி தெரியாது. குட்டி இருப்பதை அறியாமல் நிற்பவர் நிலை என்னவாகும் என்று இவ்வட்டாரத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை.

கணக்கு எளிது. நானூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானையை எட்டு மடங்குக் கருவி ஐம்பது மீட்டரில் நிறுத்திக் காட்டுகிறது. காதசைவு, தும்பிக்கை நுனி, கன்னத்தில் வழியும் மதநீர் எல்லாம் தெரிய அது போதும். கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளின் நீர்ப்பறவைகளுக்கும் அதுவே போதும். கெலவரப்பள்ளியில் பறவைகளோடு, பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து நுரைத்து வருவதையும் அது காட்டும். நல்ல கருவி பார்க்க விரும்பியதை மட்டும் காட்டுவதில்லை.

வாங்குமுன் சில சோதனைகள். கருவியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணருகு லென்ஸில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் முப்பட்டகக் கண்ணாடி பெரும்பாலும் தரமானது. ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரச் சாயலில் தெரிந்தால் மட்டமானது. தொலைவிலுள்ள மின்கம்பியைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தாலோ சிறிது நேரத்தில் கண் வலித்தாலோ இரு குழல்களும் ஒரு நேரில் இல்லை. முன்புற லென்ஸ் சிவப்பாக மின்னுவது அழகுக்கு மட்டுமே. அழுத்தினால் மடங்கு கூடும் 'ஜூம்' வகையைத் தவிர்ப்பது நலம். மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணை லென்ஸிலிருந்து பதினைந்து மில்லிமீட்டராவது தள்ளி வைத்தாலும் முழுக் காட்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓசூரின் பனிக்காலக் காலைகளுக்கு, நைட்ரஜன் அடைத்து நீர்புகாமல் மூடிய வகையானால் உட்புறம் ஆவி படியாது.

பராமரிப்பில் இவ்வூருக்கென்று ஒரு பகை உண்டு: கருங்கல் தூள். கிரானைட்டும் ஜல்லியும் உடைபடும் மாவட்டம் இது. சாலையோர இலைகளில் வெண்மையாகப் படிந்திருப்பதே லென்ஸிலும் படிகிறது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. வேட்டி முனையாலோ சட்டை நுனியாலோ ஒரு முறை அழுத்தித் துடைத்தால் ஒளிபுகு பூச்சில் கீறல் விழுந்துவிடும். பிறகு எந்தப் பழுதுபார்ப்பவராலும் அதை நீக்க முடியாது. முதலில் ரப்பர் குமிழால் ஊத வேண்டும், அடுத்து மென்தூரிகை, கடைசியாகத்தான், அதுவும் தேவையானால், லென்ஸுக்குரிய மென்துணி. மழைக்காலத்தில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது செலவில்லாத வழி. வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்லக் கூடாது. கருவி வழியாகச் சூரியனை ஒரு கணமும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஆடியும் மில்லிமீட்டரும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இக்காடுகளை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர் கென்னத் ஆண்டர்சன். 1954 இல் வெளிவந்த அவரது முதல் நூலிலேயே ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலி இருக்கிறது. அந்தக் கதைகளின் விறுவிறுப்பு விலங்குக்கும் துப்பாக்கிக்கும் இடையிலான தொலைவு சுருங்குவதில் பிறக்கிறது. அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் வேறு வழி போனார். 1950 முதல் 1996 இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். உயிர்களை அவற்றின் போக்கில் விட்டுக் காத்திருந்து பார்ப்பவரின் எழுத்து அது. நமக்கு இன்று வேண்டியது இரண்டாவது மரபு. தொலைவைக் காப்பதும் பார்வையின் ஒழுக்கமே.

ஆகவே ஒரு யோசனை. ஆளுக்கொரு மலிவான இருபது மடங்கு வாங்குவதைவிட, ஒரு வாசகர் வட்டமோ பள்ளியின் இயற்கை மன்றமோ காட்டோர ஊராட்சியோ சேர்ந்து தரமான ஓர் 8×42 வாங்கட்டும். நூலகப் புத்தகம் போல அது கை மாறட்டும். யார் எடுத்தார், எப்போது திருப்பினார், லென்ஸ் எப்படி இருந்தது என்று ஒரு பதிவேடு இருக்கட்டும். அடுத்த முறை யானை வந்த செய்தி பரவும்போது, கூட்டத்தில் நாலு பேராவது சாலையிலேயே நின்று கருவியைக் கை மாற்றிக்கொண்டு பார்த்தால், மற்றவர்களும் முன்னே போகாமல் தம் முறைக்குக் காத்திருப்பார்கள்.