எண்ணுவதும் விஞ்ஞானமே!

விஞ்ஞானி என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் தோன்றுகிறார்? வெள்ளை அங்கியும் நுண்ணோக்கியுமாக ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஒருவர்தானே? தீவுக் கரையில் உட்கார்ந்து, பறந்து வரும் புறாக்களை எண்ணிக் குறித்துக்கொள்பவரை விஞ்ஞானி என ஒப்புக்கொள்வீர்களா? ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு புறாவையே சாட்சியாக அழைக்கிறேன்.

அதன் பெயர் டாரஸ் ஜலசந்திப் புறா. உடல் வெள்ளை, சிறகின் பின்னோரமும் வால் நுனியும் கறுப்பு. நம் கோபுரத்துப் புறாக்களைப்போல் இது தானியம் பொறுக்குவதில்லை. காட்டுப் பழங்களே இதன் உணவு. அத்தி, காட்டுச் சாதிக்காய், பனைக் குடும்பத்து மரங்கள் ஆகியவற்றின் பழங்களை முழுதாகவே விழுங்கிவிடும். சதை செரிக்கும், கொட்டையோ சிதையாமல் வேறோர் இடத்தில் விழுந்து முளைக்கும். எனவே இதனை மரம் நடும் பறவை என்றும் சொல்லலாம்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாத வாக்கில் இப்புறாக்கள் நியூகினியிலிருந்து கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கு வருகின்றன. கூடு கட்டுவது கரையை அடுத்த சிறு தீவுகளில். கூட்டுக்கு ஒரே முட்டை. பழமோ எதிர்க்கரைக் காட்டில்! ஆகவே ஒரு பறவை கூட்டைக் காக்க, அதன் துணை கடலைக் கடந்துபோய் இரை தின்று திரும்பும். மாலையில் தீவை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வருவதைக் காணலாம்.

இப்பழக்கமே அவற்றுக்கு ஆபத்தாயிற்று. துப்பாக்கியுடன் தீவில் காத்திருப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? 1960களில் ஹிஞ்சின்புரூக் தீவுக்கு அருகிலுள்ள புரூக் தீவுகளில், கூடு கட்டும் பருவத்திலேயே அவற்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். பெற்றோரை இழந்த குஞ்சு பட்டினியால் சாகும்.

அங்கே ஆர்தர் தார்ஸ்போர்ன், மார்கரெட் தார்ஸ்போர்ன் என்ற இயற்கை ஆர்வலர் தம்பதி 1965இல் புறாக்களை எண்ணத் தொடங்கினார்கள். எந்தப் பழக்கம் வேட்டைக்காரனுக்கு உதவியதோ, அதே பழக்கம் இவர்களுக்கும் உதவியது. மாலையில் தீவு திரும்பும் பறவைகளை எண்ணினார்கள்.

"கூட்டில் இருக்கும் பறவைகள் கணக்கில் வரவில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த எண் மொத்தத் தொகை அன்று. ஆனால் ஆண்டுதோறும் அதே தீவில், அதே பருவத்தில், அதே முறையில் எண்ணினால் தொகை கூடுகிறதா, குறைகிறதா என்பது தெளிவாகிவிடும். காய்ச்சல்காரரின் வெப்பநிலையை வேளை தவறாமல் குறித்து வைப்பதும் இதற்காகத்தானே?

கையில் இருந்த எண்களோடு அத்தம்பதி புறாக்களுக்காக வாதாடினார்கள். பாதுகாப்புக் கிடைத்தது, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. சில ஆயிரமாகக் குறைந்திருந்த தொகை பிற்காலத்தில் பல்லாயிரமாக உயர்ந்தது. உயர்ந்தது என்பதையும் அதே கணக்குதான் சொன்னது. மார்கரெட் 2018இல் காலமானார். அவர்கள் தொடங்கிய கணக்கெடுப்பைப் பிறர் தொடர்ந்தார்கள்.

வட அமெரிக்காவின் பயணிப் புறாவுக்கு இந்த நற்பேறு வாய்க்கவில்லை. கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த இனம் அது. எண்ணில் அடங்காதது எப்படிக் குறையும் என்று மக்கள் இருந்துவிட்டார்கள். கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் இறந்தது. எண்ண முடியாதது என்பதற்குக் குறையாதது என்று பொருள் அன்று.

எண்ணுவதற்குப் பட்டமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. பொறுமையும் நேர்மையும் போதும். தமிழ்நாட்டிலும் பொங்கல் நாட்களில் பொதுமக்கள் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் இன்று இருக்கிறது. நீங்களும் தொடங்கலாமே! உங்கள் ஊரில் மாலையில் கிளியோ, மைனாவோ, கொக்கோ அடையும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று எண்ணுங்கள். தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். ஒரு பறவையும் வராத நாளில் பூஜ்யம் என்று எழுதத் தவறாதீர்கள். விஞ்ஞானத்தில் பூஜ்யமும் ஒரு செய்திதான்.