கிராமப் பட்டறைக்கு ஒரு வெல்டிங் வண்டி

உழவு யந்திரங்கள் கிராமங்களில் பெருகியிருக்கும் அளவிற்கு அவற்றைப் பழுதுபார்க்கும் வசதிகள் பெருகவில்லை. மரக்கலப்பை வழங்கிய காலத்தில் கொழு மழுங்கினால் ஊர்க் கொல்லர் அன்று மாலையே அதை உலையிலிட்டு அடித்துக் கூராக்கிக் கொடுப்பார். மேழியோ நுகத்தடியோ முறிந்தால் தச்சர் மறுநாட் காலைக்குள் வேறு செய்து தருவார். இன்று கலப்பையின் இடத்தை டிராக்டரும் ரோட்டவேட்டரும் சேற்றுழவுக்குரிய இரும்புச் சக்கரங்களும் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றில் ஓர் ஆரக்கால் விட்டுப்போனாலும், அதை வண்டியிலேற்றி நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுசென்று, முறை வரும்வரை காத்திருந்து மீட்டு வரவேண்டியிருக்கிறது. வெல்டிங் வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். போக்குவரத்திலும் காத்திருப்பதிலும் ஒரு பகல் போய்விடும்.

இந்த ஒரு பகலின் மதிப்பைத் தாமிரபரணிப் பாசனத்து மிராசுதார்கள் நன்கறிவர். ஸ்ரீவைகுண்டம் அணையே அவ்வாற்றின் கடைசி அணையாகும். அதன் வடகாலும் தென்காலும் பாயும் நிலங்களில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்கள். கடைமடைப் பாசனமாதலால், கால்வாயில் நீர் வரும் நாட்களில் தொளி உழவு முடிந்தாக வேண்டும். ஏரல் சுற்றுப்புறத்தில் பிசான நடவு நடக்கும் வாரத்தில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் நஷ்டமடைவதில்லை. அந்த யந்திரத்தை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பத்துக் குடும்பங்களின் நாற்று வயது ஏறிப்போகிறது; நடவாட்களுக்குச் சொல்லிவைத்த நாளும் தவறுகிறது.

ஆகையால், உடைந்த கருவி பட்டறைக்குப் போவதை விட்டு, பட்டறை வயலுக்கு வரும்படி செய்வதே தக்க பரிகாரமாகும். அதற்கு வேண்டியது ஒரு வெல்டிங் யந்திரமும், அதைத் தாங்கிச் செல்லும் உறுதியான தள்ளுவண்டி ஒன்றுமே. யந்திரத்தைக் கடையில் வாங்கத்தான் வேண்டும். வண்டியையோ கிராமத்திலேயே செய்துகொள்ளலாம், செய்துகொள்வதே சிறந்தது. கடைகளில் விற்கும் வண்டிகள் பெரும்பாலும் சிமெண்டுத் தளத்திற்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் சிறிய உருளைச் சக்கரங்கள் வரப்பிலும் வண்டற் பாதையிலும் புதைந்துவிடும். உள்ளூர் மண்ணையும் உள்ளூர்ப் பாதையையும் அறிந்தவர் செய்யும் வண்டியே உள்ளூருக்கு உதவும்.

இத்தகைய வேலைக்குத் திறமை வெளியிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. ஏரலுக்கு அண்மையிலுள்ள சிவகளையில் நடந்த அகழாய்வில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, அங்கு இரும்பு வழங்கிய காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுவரை செல்லும் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆற்றுக்குத் தெற்கே நாசரேத்தில் மர்காஷிஸ் பாதிரியார் 1878-ஆம் ஆண்டிலேயே கலைத் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இரும்பு வேலையும் தொழிற்கல்வியும் இவ்வட்டாரத்திற்குப் புதியவையல்ல. குறைவாயிருப்பது, அத்திறமையைப் பருவகாலத்தில் வயலுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு ஒன்றே.

இனி வண்டியின் அமைப்பைக் கவனிப்போர் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மின் வெல்டிங் யந்திரத்தையும், ஆக்ஸிஜன், அசிட்டிலீன் சிலிண்டர்களையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடும் ஆசை பலருக்கு உண்டு. அது கூடாது. மின் வெல்டிங் நடக்கையில் பொறி பறக்கும். அதனருகில் எரிவாயு இருத்தல் ஆபத்து. வயலிலே நேரும் உடைப்புகளில் பெரும்பாலானவற்றிற்கு மின் வெல்டிங்கே போதும். ஆகவே மின் யந்திர வண்டி வெளியே செல்லட்டும். வாயு வண்டி தனியே பட்டறைக்குள் இருக்கட்டும்.

வெளியே செல்லும் வண்டிக்கு 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள சட்டம் போதும். 40 மி.மீ. அகலமுள்ள ஆங்கிள் இரும்பை 5 மி.மீ. கனத்தில் எடுத்து நாற்புறமும் இணைக்கலாம். பழைய மொபெட் சக்கரங்கள் இரண்டைப் பின்புறத்தில் பொருத்தி, முன்புறத்தில் இரண்டு கால்களை நிறுத்திவிட்டால், கைப்பிடியைத் தூக்கித் தள்ளும்போது வண்டி உருளும். இறக்கி வைத்தால் அசையாமல் நிற்கும். யந்திரத்தின் பாரம் சக்கர அச்சுக்கு நேர் மேலே இருந்தால், தள்ளுபவர் கையில் சுமை ஏறாது. முற்காலத்து எண்ணெய் நிரப்பிய வெல்டிங் யந்திரத்தைத் தூக்க நால்வர் வேண்டியிருந்தது. இப்பொழுது கிடைக்கும் சிறிய இன்வெர்ட்டர் யந்திரங்களை ஒருவர் ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆயினும் அவற்றின் உள்ளே காற்றாடி சுழல்வதால், காற்று வாங்கும் துவாரங்களைத் தகட்டினால் மூடிவிடாமல் நாற்புறமும் ஒரு சாண் இடம் விடவேண்டும்.

வண்டியின் மேற்றட்டு யந்திரத்திற்கும், கீழ்த்தட்டு கிரைண்டர், சுத்தியல், முகக்கவசம், தோற்கையுறை முதலியவற்றிற்கும் உதவும். கேபிளைச் சுற்றிவைக்க இருபுறமும் வளைந்த கொக்கிகள் வேண்டும். கேபிள் தரையில் இழுபட்டால் அதன் ரப்பர் உறை தேய்ந்து செம்பு வெளிப்படும். வெல்டிங் ராடுகளை மூடியுள்ள குழாய் ஒன்றில் வைத்தல் நன்று. ராட்டின் மேலுள்ள பூச்சில் ஈரம் ஏறினால் பற்று உறுதியாக இராது, துளைகள் விழும். ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் உள்ள ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதத்துக் காற்றே ராட்டை நனைக்கப் போதுமானது. ஒரு வாளி மணலும் தீயணைக்கும் கருவி ஒன்றும் எப்பொழுதும் வண்டியிலேயே இருக்கவேண்டும். வைக்கோற் போரும் காய்ந்த வாழைச்சருகும் உள்ள இடத்தில் ஒரு பொறி போதும்.

பட்டறைக்குள் இருக்கும் வாயு வண்டியைப் பற்றி இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் சுமார் 1.4 மீட்டர் உயரமுள்ளது. அதனுள் காற்றழுத்தத்தைப் போல் நூற்றைம்பது மடங்கு அழுத்தத்தில் வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. அது விழுந்து கழுத்திலுள்ள வால்வு முறிந்தால், சிலிண்டரே எறிபடையைப் போலப் பாயும். இதனை அறிந்திருந்தும், சிலிண்டரைத் தரையில் உருட்டிச் செல்வதும், சைக்கிளின் பின்புறம் கயிற்றாற் கட்டிச் செல்வதும் இன்னும் நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டு வாயு சிலிண்டர் விதிகள், சிலிண்டர்களை இழுப்பதையும் கீழே போடுவதையும் தடுக்கின்றன. அவற்றை நகர்த்த உறுதியான வண்டிகளை இயன்றவரை உபயோகிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. வண்டி என்பது வசதிக்கு மட்டும் ஏற்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

வாயு வண்டியின் அகலத்தைக் குறைப்பது பெரும் பிழை. தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், அதில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று நிற்பதாகவும் வைத்துக்கொள்வோருக்குக் கணக்கு எளிதில் விளங்கும். சக்கரங்களுக்கிடையே 40 செ.மீ. மட்டும் இருந்தால், ஒரு சக்கரம் சுமார் 9 செ.மீ. உயர்ந்ததும் வண்டி கவிழும் நிலைக்கு வந்துவிடும். அதாவது, கிடக்கும் ஒரு செங்கல்லின்மீது சக்கரம் ஏறினாற் போதும். இடைவெளி 60 செ.மீ. ஆனால், சுமார் 20 செ.மீ. உயரும்வரை வண்டி தாங்கும். மிச்சப்படுத்தும் இரும்பு ஒரு முழம்கூட இராது. அதனால் வரும் கேடோ உயிருக்கே வரும். தட்டின் விளிம்பை 5 செ.மீ. உயர்த்தி, சிலிண்டரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலும் இரண்டு பங்கிலும் ஆக இரண்டு இரும்புச் சங்கிலிகளால் கட்டவேண்டும். கயிறு தீப்பற்றும், ஆதலால் கயிறு உதவாது. வண்டியை நகர்த்துமுன் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மூடியைத் திருகிவிட வேண்டும். ஆக்ஸிஜன் வால்விலோ ரெகுலேட்டரிலோ எண்ணெயும் கிரீஸும் படவே கூடாது. அழுத்தமுள்ள ஆக்ஸிஜன் பட்டால் அவை தாமே தீப்பற்றும்.

அசிட்டிலீன் சிலிண்டரை எப்பொழுதும் நிமிர்த்தியே வைக்கவேண்டும். அதனுள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளும், அதில் ஊறிய அசிட்டோன் என்னும் திரவமும் உள்ளன. வாயு அத்திரவத்தில் கரைந்திருக்கிறது. சிலிண்டரைப் படுக்கவைத்தால் வாயுவோடு திரவமும் வெளியேறும். இந்த நுண்துளைப் பொருளைச் செம்மைப்படுத்திக் கலங்கரை விளக்கங்களுக்கு உபயோகப்படுத்தியவர் ஸ்வீடன் தேசத்து குஸ்தாவ் டாலேன் ஆவார். அசிட்டிலீன் சோதனை ஒன்றில் 1912-ஆம் ஆண்டு நேர்ந்த வெடிப்பில் அவர் கண்பார்வையை இழந்தார். அதே ஆண்டில் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வாயுவை அடக்கும் வித்தையை உலகிற்குத் தந்தவருக்கே அக்கதி நேர்ந்ததென்றால், மற்றவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க, வயலில் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்னும் கேள்வி எழும். தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்துவருகிறது. அது பயிருக்கு நீர் இறைப்பதற்கென்று அளிக்கப்பட்டது. பம்புசெட் இணைப்பிலிருந்து வெல்டிங் யந்திரத்தை ஓட்டுதல் முறையன்று. அன்றியும், பம்புக்கென்று போடப்பட்ட கம்பியில் வெல்டிங் பளு ஏறினால் மோட்டாருக்கும் சேதம் உண்டாகலாம். 5 கே.வி.ஏ.வுக்குக் குறையாத ஜெனரேட்டர் ஒன்று இருந்தால் சிறிய இன்வெர்ட்டர் யந்திரத்திற்குப் போதும். அதை டிரெய்லரில் உடன்கொண்டு செல்லலாம்.

சேற்றில் நின்றுகொண்டு வெல்டிங் செய்தல் எவ்விதத்திலும் ஆகாது. யந்திரத்திலிருந்து வரும் 70, 80 வோல்ட் உலர்ந்த கையில் பெரிதாகத் தோன்றாது. நனைந்த உடம்பிலோ அது உயிரை வாங்கும். உடைந்த கருவியை மேட்டிற்கு இழுத்துவந்து, உலர்ந்த பலகையின்மீது நின்றே வேலை செய்யவேண்டும். எர்த்துக் கிளாம்பை வண்டியில் மாட்டாமல், பழுதுபார்க்கும் பாகத்திலேயே, பற்றவைக்கும் இடத்திற்கு அருகில் மாட்டவேண்டும். டிராக்டரோடு இணைந்த பாகமானால், முன்னதாக பாட்டரியின் கம்பிகளைக் கழற்றிவிடுதல் அவசியம்.

எல்லா உடைப்பிற்கும் வெல்டிங் மருந்தாகாது என்பதையும் விவசாயிகள் அறிதல் நன்று. ரோட்டவேட்டரின் வெட்டுக்கத்திகள் பதமேற்றிய எஃகினால் ஆனவை. அவற்றைச் சூடாக்கி ஒட்டினால் பதம் கெட்டு, மறுநாளே அடுத்த இடத்தில் முறியும். அவற்றைப் புதிதாக மாற்றுவதே சிக்கனம். வார்ப்பிரும்புப் பாகங்களுக்குத் தனி ராடும், முன்கூட்டிச் சூடேற்றும் பக்குவமும் வேண்டும். அவை பட்டறைக்கே போகட்டும். சேற்றுச் சக்கரத்தின் ஆரக்கால், கலப்பைச் சட்டம், டிரெய்லர்க் கொக்கி, மதகின் ஷட்டர்ச் சட்டம் ஆகிய சாதாரண இரும்பு வேலைகளே இவ்வண்டிக்கு உரியவை.

ஒரு தனி மிராசுதார் இதற்கென்று முதலிட வேண்டுவதில்லை. ஆண்டில் சில வாரங்களே வேலையிருக்கும் கருவியைத் தனித்தனியே வைத்திருப்பது வீண். ஒரு கால்வாய்ப் பாசனத்தார் கூடியோ, கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ ஒரு வண்டியை வைத்து, தேர்ந்த வெல்டர் ஒருவரிடம் ஒப்படைத்து, வேலைக்கேற்ற கூலியை முன்னதாகவே நிர்ணயித்துவிடலாம். பருவமில்லாத காலத்தில் கதவு, கிராதி, வேலி வேலைகளால் அவருக்கு வருமானம் வரும். யாருடைய கருவி முதலில் என்ற சச்சரவு எழாதபடி, சேற்றுழவில் நின்ற யந்திரத்திற்கே முதலிடம் என்று விதித்துக்கொள்ளலாம்.

இவ்விஷயத்தில் சர்க்காரின் பங்கும் உண்டு. 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் யந்திரமயத் துணை இயக்கத்தின்கீழ் யந்திரங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் மானியம் அளிக்கப்படுகிறது. யந்திரம் வாங்க உதவும் கை, அது நின்றுவிட்டால் ஓட்டவும் உதவவேண்டும். வாடகை மையம் ஒவ்வொன்றிலும் இத்தகைய வண்டி ஒன்றும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணி பெருகி ஏரலுக்குள் வெள்ளம் புகுந்தது. வெளியூர்ப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் நகரத்துப் பட்டறை எவ்வளவு பெரிதாயினும் பயன்படாது. ஊருக்குள் உள்ள கருவியும் ஊருக்குள் உள்ள கையுமே உதவும். ஷட்டரைத் திறக்கவும், வழியை அடைத்த இரும்பை அறுக்கவும், நின்ற யந்திரத்தை ஓட்டவும் வேண்டியவை அப்பொழுது தேடிக் கிடைப்பவை அல்ல. முன்னரே செய்துவைத்திருக்க வேண்டியவை.

ஆகவே, அடுத்த பிசானத்திற்குக் கால்வாயில் நீர் விடுமுன், கிராமத்துப் பெரியோரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பட்டறைக்காரரை அழைத்து ஒரு நாள் கலந்து பேசுதல் நலம். பழைய இரும்பும் இரண்டு சக்கரங்களும் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும். வண்டியைக் கட்ட ஒரு வாரம் போதும். கோடையின் ஓய்வு நாட்களில் அந்த ஒரு வாரத்தைச் செலவிடுவோர், நடவுக் காலத்தில் பல நாட்களை மிச்சப்படுத்துவர்.